ரேஸ் மைதானத்தில் முதல் நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, வெளிநாட்டில் இருக்கும்போது முதன்முறையாகக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவதைப் பற்றியவை. மன்னார்குடி, கும்பகோணம், நாகப்பட்டினம், கூத்தாநல்லூர் என்று நான்கும் நம் காவிரிக் கரை ஊர்களோடு தொடர்புள்ளவர்கள் எழுதியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்குக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான், இப்போது மெல்போர்னில் வேலை பார்க்கிறேன். வரும் நவம்பரில் மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்துக்குத் தங்களோடு வரும்படி உடன் வேலை செய்பவர்கள் அழைக்கிறார்கள். நானும் மனைவியும் இதுவரை ரேஸ் மைதானத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஊருக்குப் பேசியபோது இதைச் சொன்னேன். அப்பா, “ரேஸுக்குப் போய் உருப்பட்ட குடும்பம் எதுப்பா?” என்று கேட்டுவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் போகலாமா? போனால் எதைப் பார்ப்பது, என்ன உடுத்துவது? பணம் கட்டாமல் நின்றால் அழைத்தவர்கள் தவறாக நினைப்பார்களா? (வாசகர், மெல்போர்ன்)

பதில்: போகலாம்; மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் உங்கள் அப்பாவின் கேள்விக்கு முதலில் மறுமொழி சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் காரணமில்லாமல் பயப்படவில்லை. கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே குதிரைப் பந்தயம் நடந்துவந்தது; மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் தோன்றியது. கிண்டிக்குப் போகாமலேயே, உள்ளூரில் யாரிடமோ பணம் கட்டித் தோற்றவர்களைப் பற்றி நம் பக்கத்துச் சிறு நகரங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நெல் விற்ற பணம் வீடு வந்து சேராமல் போனதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. பந்தயத்தால் குடும்பங்கள் அழிகின்றன என்பதற்காகவே தமிழக அரசு 1974இல் அதைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, அதை வெறும் அதிர்ஷ்ட ஆட்டமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்ததால், அந்தத் தடை நிலைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு சட்டத்தைப் பொறுத்தவரை முக்கியமானது. ஆனால் குதிரையின் வேகமும் பழக்குபவரின் உழைப்பும் ஜாக்கியின் கைத்திறனும் எவ்வளவு உண்மையானாலும், வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டுகிறவருக்கு அதனால் வருமானம் உறுதியாகிவிடுவதில்லை. ஆகவே அப்பாவிடம் மீண்டும் பேசும்போது, “குதிரை பார்க்கப் போகிறேன் அப்பா, கையில் இவ்வளவுதான் எடுத்துப் போகிறேன்” என்று தொகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் பாதி சமாதானம் ஆகிவிடுவார்.

மெல்போர்ன் கோப்பை 1861இலிருந்து நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, ஃப்ளெமிங்டன் மைதானத்தில் அதை ஓட்டுகிறார்கள். அன்று மெல்போர்ன் நகரத்துக்கே அரசு விடுமுறை. தூரம் 3,200 மீட்டர். அதிகம் போனால் 24 குதிரைகள் ஓடும். ஓட்டம் முடிய மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். அதற்காகக் காலையிலிருந்தே எண்பது, தொண்ணூறாயிரம் பேர் கூடுகிறார்கள். கோப்பைக்கு முன்னும் பின்னும் வேறு பந்தயங்களும் நடக்கும். இந்தக் கூட்டத்தில் புதிதாக வருகிறவருக்குத் தொப்பிகளும் முதுகுகளும்தான் அதிகம் தெரியும். ஆகவே என் யோசனை இதுதான்: கோப்பை நாளுக்கு முன்பே, ஒரு சாதாரணச் சனிக்கிழமையிலோ, ஜீலாங், பெண்டிகோ போன்ற வெளியூர் மைதானம் ஒன்றிலோ, முதல் பந்தயத்தைப் பார்த்துவிடுங்கள். அங்கே வேலியோரம் இடம் கிடைக்கும். குதிரையின் மூச்சுக் காற்று கேட்கும் தூரத்தில் நிற்கலாம். அதன்பின் கோப்பை நாளன்று போனால், கூட்டத்துக்கு நடுவிலும் எங்கே பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மைதானத்துக்குள் நுழைந்தவர்கள் பெரும்பாலும் நேராகப் பணம் கட்டும் கவுண்டரையும் பெரிய திரையையும் தேடிப் போவார்கள். நீங்கள் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தைத் தேடிப் போங்கள். அங்கே அதை மவுண்டிங் யார்டு என்பார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் சற்று முன்னதாக, குதிரையைப் பராமரிப்பவர் கடிவாளத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்து அந்த வட்டத்தைச் சுற்றி வருவார். மாட்டுத் தரகர் சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பதைப் போல நீங்களும் நடையைப் பாருங்கள். பின்னங்குளம்பு, முன்னங்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டி விழுகிறதா, தலை தாழ்ந்து கழுத்து தளர்ந்து நிதானமாக நடக்கிறதா, காதுகள் முன்னோக்கி நிமிர்ந்திருக்கின்றனவா, பின்னால் மடிந்து கிடக்கின்றனவா என்பதையெல்லாம் கவனியுங்கள். சில குதிரைகளுக்குக் கழுத்தில் வார் உராயும் இடத்திலும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் வியர்வை வெண்ணுரையாகத் திரண்டிருக்கும். வெயில் இல்லாத நாளில் அப்படி நுரைத்தால், ஓடத் தொடங்கும் முன்பே அந்தக் குதிரை பதற்றத்தில் பலத்தைச் செலவழிக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் கொள்வார்கள். பிறகு ஜாக்கிகள் வண்ணச் சட்டைகளோடு வந்து சேர்வார்கள். பழக்குபவர் ஜாக்கியின் மடக்கிய இடது காலுக்குக் கீழே கை கொடுத்து, ஒரே தூக்கில் சேணத்தில் ஏற்றிவிடுவார். ஐம்பது கிலோ சொச்சமுள்ள ஒரு மனிதர் ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கின் முதுகில் அமர்ந்து லகானை விரல்களுக்கிடையில் கோத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில், குதிரையின் தோள் தசை ஒரு முறை துடித்து அடங்கும். எனக்குப் பந்தயத்தின் முடிவை விட இந்தக் காட்சியின் மீதுதான் ஆசை அதிகம்.

நம் பக்கத்தில் மாடோ குதிரையோ வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் குதிரை இலக்கணம் பற்றிய ஓவியச் சுவடிகளே இருக்கின்றன. ரேஸ் குதிரைக்குச் சுழி உதவாது. அங்கே உதவுவது நடையும், கையில் கிடைக்கும் பந்தயப் புத்தகமும்தான். அந்தப் புத்தகத்தில் குதிரையின் பெயருக்கு அருகே 2x1403 என்பது போல எண்கள் இருக்கும். வலது ஓரத்தில் இருப்பது கடைசியாக ஓடிய பந்தயம். அதாவது, இந்தக் குதிரை இரண்டாவதாக வந்தது, பிறகு சில மாதங்கள் ஓய்வில் இருந்தது, திரும்பி வந்து முதலாவதாகவும், நான்காவதாகவும், பத்தாவதாகவோ அதற்கும் பின்னாலோ, கடைசியாக மூன்றாவதாகவும் வந்தது என்று பொருள். அதே வரியில் பழக்குபவர் பெயர், ஜாக்கி பெயர், சுமக்க வேண்டிய எடை, புறப்படும் கதவின் எண் எல்லாம் இருக்கும். பதினைந்து நிமிடம் செலவழித்தால் இதைப் படிக்கப் பழகிவிடலாம்.

எடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மெல்போர்ன் கோப்பையின் உயிரே அதில்தான் இருக்கிறது. இது ஹேண்டிகேப் வகைப் பந்தயம். எல்லாக் குதிரைகளுக்கும் ஏறத்தாழச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதற்காக, திறமை நிரூபித்த குதிரைக்கு அதிக எடையும் மற்றவற்றுக்குக் குறைந்த எடையும் விதிக்கிறார்கள். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்கு வரவில்லை என்றால், சேணத்துக்கு அடியில் வைக்கும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஃபார் லாப் 1930இல் 62.5 கிலோ சுமந்து இந்தக் கோப்பையை வென்றது. மறு ஆண்டு 68 கிலோ விதித்தார்கள், எட்டாவதாகத்தான் வர முடிந்தது. அதன் தோலைப் பதப்படுத்தி உருவமாக்கி மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பந்தயத்துக்குப் போவதற்கு முந்தைய வாரத்தில் அதைப் போய்ப் பார்த்துவிட்டால், மைதானத்தில் காண்பது இன்னும் நன்றாகப் புரியும்.

ஓட்டத்தைப் பார்க்க, வெற்றிக்கம்பத்தை ஒட்டி இடம் பிடிக்க முயல வேண்டாம். அங்கே நெரிசல் அதிகம். ஃப்ளெமிங்டனில் கடைசி நேர்ப்பாதை 450 மீட்டர் நீளம். அதன் நடுப்பகுதியில் வேலியோரம் நின்றால், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கூட்டத்தின் குளம்படி முதலில் காலடியில் அதிர்வாகத் தெரிந்து, பிறகுதான் காதுக்கு வரும். முடிவில் பெரிய திரையில் எண்கள் வந்தவுடன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது. ஜாக்கிகள் இறங்கி, சேணத்தோடு மீண்டும் எடைபோடப்பட்டு, புறப்பட்டபோது இருந்த எடை இருக்கிறது என்று உறுதியான பிறகு “கரெக்ட் வெயிட்” என்று அறிவிப்பார்கள். அதுவரை முடிவு முடிவாகாது.

இனிப் பணம். பணம் கட்டாமல் நின்றால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்; உடுத்துவதற்காகவும் நண்பர்களைப் பார்ப்பதற்காகவும் மட்டும் வருகிறவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. அலுவலகத்தில் ‘ஸ்வீப்’ என்று சில டாலர் வாங்கிக்கொண்டு, குதிரைகளின் பெயர்களைச் சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். அதில் நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒன்றுமில்லை, இழப்பதும் அந்தச் சில டாலர்தான். உடன் வேலை செய்பவர்களுக்காகத் தாராளமாகச் சேரலாம். மைதானத்தில் பணம் கட்டும் ஆசை வந்தால், கட்டுவதற்கு முன் டோட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாரும் கட்டும் பணம் ஒரே தொகையாகச் சேர்கிறது. அதிலிருந்து வரியும் நிர்வாகமும் பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது வரை முதலில் எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தைத்தான் வென்ற குதிரையின் மீது கட்டியவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். எந்தக் குதிரை வென்றாலும் அந்தக் கழிவு நடந்துவிடும். ஆகவே பணம் கட்டுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு பந்தயத்திலும் அவர்கள் தோற்கிறார்கள். இதை அறிந்தும் தொடர்ந்து வெல்பவர் மிகச் சிலர்; அவர்களுக்கு அது முழுநேரத் தொழில், மற்றவர்களுக்கு அது செலவு. எனவே, மதிய உணவுக்கு நீங்கள் செலவழிக்கும் தொகையைத் தனியாக ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கட்டுவதிலும் எளிய வகைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘வின்’ என்றால் உங்கள் குதிரை முதலாவதாக வர வேண்டும். ‘பிளேஸ்’ என்றால் பொதுவாக முதல் மூன்று இடங்களில் ஒன்றில் வந்தால் போதும், ஆனால் கிடைப்பது குறைவு. ‘ஈச் வே’ என்பது இரண்டிலும் பாதிப்பாதி கட்டுவது. ‘டிரைஃபெக்டா’ என்று முதல் மூன்றையும் வரிசை மாறாமல் சொல்லும் வகை, பரிசுத் தொகையைக் காட்டிப் புதியவர்களை ஈர்க்கும். 24 குதிரைகள் ஓடும் பந்தயத்தில் முதல் மூன்று இடங்கள் 12,144 விதமாக அமையலாம். நீங்கள் கட்டுவது அதில் ஒரு விதத்துக்கு. 2015இல் மிஷெல் பெய்ன் என்ற பெண் ஜாக்கி, நூற்றுக்கு ஒன்று என்று மதிப்பிடப்பட்ட பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் என்ற குதிரையில் கோப்பையை வென்றார். இந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி அவர். அந்த வெற்றி கொண்டாடத் தக்கது. அதைச் சொல்லி உங்களை ஒரு கடைசிநிலைக் குதிரையின் மீது கட்டச் சொல்பவர்கள், அதே மதிப்பீட்டில் ஓடித் தோற்ற மற்றக் குதிரைகளின் பெயர்களைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பந்தயச் செயலி எதையும் உங்கள் ஃபோனில் இறக்கிக்கொள்ள வேண்டாம். மைதானத்தில் கட்டுவது மாலையில் முடிந்துவிடுகிறது. செயலி இரவு இரண்டு மணிக்கும் விழித்திருக்கும், எந்த நாட்டிலோ நடக்கும் பந்தயத்தையும் காட்டும். இன்று வெளிநாட்டில் நம் பிள்ளைகள் இதில் சிக்கினால் அது பெரும்பாலும் ஃபோன் வழியாகத்தான் இருக்கும். யாராவது சிக்கிவிட்டதாகத் தெரிந்தால், ஆஸ்திரேலியாவில் 1800 858 858 என்ற இலவச உதவி எண் உண்டு. பந்தய நிறுவனங்கள் தம்மை ஏற்கக் கூடாது என்று தாமே பதிவு செய்துகொள்ளும் பெட்ஸ்டாப் என்ற தேசியப் பதிவேடும் 2023இலிருந்து இருக்கிறது.

உடை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுப் பகுதிக்கு நேர்த்தியான உடை போதும். உறுப்பினர் பகுதிக்கு அழைக்கப்பட்டிருந்தால் ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும். உங்கள் மனைவி திருபுவனம் பட்டுப் புடவையில் போனால் அந்தக் கூட்டத்தில் அதைவிட அழகான உடை இருக்காது. புல்தரையில் குதிகால் உயர்ந்த செருப்பு புதையும், தட்டையானது நல்லது. நவம்பரில் மெல்போர்ன் வானம் ஒரே நாளில் வெயிலும் மழையும் குளிரும் காட்டும் என்பதால் மேலே போட்டுக்கொள்ள ஒன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: என் மகள் லண்டனில் படிக்கிறாள். ஜூன் மாதத்தில் தோழிகளோடு ஆஸ்கட் பந்தயம் பார்க்க விரும்புகிறாள். பந்தயக் குதிரைகளைச் சாட்டையால் அடிப்பதாகவும், கால் ஒடிந்தால் கொன்றுவிடுவதாகவும் கேள்விப்படுகிறேன். அதைப் போய்ப் பார்ப்பது சரியா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் உண்மை; அவற்றை மறைத்து மகளை அனுப்ப வேண்டியதில்லை. குதிரையின் கால் எலும்பு ஒடிந்தால் குணமாவது ஏன் கடினம் என்றால், முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை, இரத்த ஓட்டமும் குறைவு. மனிதரைப் போலப் படுக்கையில் கிடந்து ஆறவும் குதிரையால் முடியாது. ஐந்நூறு கிலோவையும் மற்றக் கால்களில் தாங்கி நின்றால் அந்தக் கால்களின் குளம்புக்குள் அழற்சி உண்டாகி நிலைமை மோசமாகிவிடும். அதனால்தான் பல முறிவுகளில் மருத்துவர்கள் வலியற்ற முடிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 மெல்போர்ன் கோப்பையில் ஆந்தனி வான் டைக் என்ற குதிரை அப்படித்தான் இறந்தது. அதற்குப் பிறகு, ஓடும் குதிரைகளின் கால்களை ஸ்கேன் செய்து பார்த்த பின்பே அனுமதிக்கும் முறை வந்தது. பொதுமக்கள் கேள்வி கேட்டதால் வந்த மாற்றம் அது, கேள்விகள் இன்னும் தீர்ந்துவிடவில்லை. பிரிட்டனில் இப்போது, வேலி தாண்டாமல் சமதரையில் ஓடும் தட்டைப் பந்தயத்தில் சாட்டையை ஆறு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. சாட்டையும் மெத்தை வைத்துத் தைத்தது. அளவு மிக மீறினால் வென்ற குதிரையே தகுதி இழக்கும்.

ஜூன் மாதத்தில் ஆஸ்கட்டில் நடப்பது தட்டைப் பந்தயம். வேலிகளைத் தாண்டி ஓடும் பந்தயங்கள் வேறு. ஏன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் அவற்றில் பெயர் பெற்றது. ஆபத்து அதில் அதிகம் என்பதால்தான் 2024இலிருந்து ஓடும் குதிரைகளை 40இலிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். முதல் முறை போகிற ஒருவரை அத்தகைய பந்தயத்துக்கு நான் அனுப்ப மாட்டேன். ஆஸ்கட்டுக்கு அனுப்புவேன். காணும் பொங்கலன்று திருக்கடையூரில் நடக்கும் எல்கைப் பந்தயத்தில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடுவதைச் சாலையோரம் நின்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சாட்டை அங்கேயும் உண்டு, அந்தப் பிராணியைப் பிள்ளையைப் போல வளர்க்கும் அன்பும் அங்கே உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதை உங்கள் மகள் நேரில் கண்டு தன் கருத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளட்டும். அங்கே அவள் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று, பந்தயம் முடிந்து குதிரைகள் திரும்பி வரும் இடம். மேல்மூச்சு வாங்க வரும் குதிரைக்கு உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கிறார்களா, அதைக் கையாள்பவர் எப்படித் தொடுகிறார் என்று பார்த்தால் நிறையத் தெரியும்.

ஆஸ்கட்டில் பந்தயம் 1711இல் ஆன் அரசியார் தொடங்கியது. ராயல் ஆஸ்கட் என்பது ஜூன் மாதத்தில் செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள். மதியம் அரச குடும்பம் குதிரை வண்டிகளில் ஊர்வலமாக வரும். உடை விதிகள் மிகவும் கண்டிப்பானவை என்று மாணவிகள் தயங்குவார்கள். மிகக் கட்டுப்பாடான அரச வளாகத்திலேயே வெளிநாட்டவர் தங்கள் நாட்டு முறையான உடையை அணியலாம் என்று விதி இருக்கிறது. புடவை கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி 1950களில் சிங்கப்பூர் போனவர். அங்கே ரேஸ் பார்த்ததைப் பற்றி நிறையச் சொல்வார். மகன் இப்போது அங்கே வேலையில் இருக்கிறான். முதல் தடவையாகப் போகிறேன். தாத்தா பார்த்த ரேஸை நானும் ஒரு நாள் பார்க்க முடியுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, இனி முடியாது. சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சி மைதானத்தில் ஓடி முடிந்தது. வீடுகள் கட்டுவதற்கும் பிற தேவைகளுக்கும் அரசு அந்த நிலத்தைத் திரும்பப் பெறுகிறது. 1842இல் தொடங்கிய சங்கம் அது. பந்தயங்கள் மறு ஆண்டிலேயே ஃபாரர் பார்க்கில் தொடங்கின, 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் மாறின. ஆகவே உங்கள் தாத்தா பார்த்தது புக்கிட் தீமா மைதானமாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் மைதானம் இருந்த இடத்தை நீங்கள் எப்படியும் கடந்துதான் போவீர்கள். லிட்டில் இந்தியாவில் நம்மவர்கள் சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் வந்தது ஃபாரர் பார்க் மைதானத்தால்தான். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரம். பந்தயம் அங்கிருந்து போன பிறகு, 1942 பிப்ரவரி 17 அன்று சரணடைந்த இந்திய வீரர்களைத் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும், இந்திய தேசிய ராணுவத்துக்கு அழைப்பு விடுக்கப்பட்டதும் அந்தத் திடலில்தான். நம் பக்கத்திலிருந்து போன பல குடும்பங்களின் கதை அதோடு சேர்ந்தது. ஓடும் குதிரையையே பார்க்க வேண்டும் என்றால், மகனோடு கோலாலம்பூர் போகும் வாய்ப்பு வந்தால் அங்கே சுங்கை பீசி மைதானத்தில் பந்தய நாள் எது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: கூத்தாநல்லூர் சொந்த ஊர், துபாயில் இருக்கிறேன். குதிரை என்றால் சிறு வயதிலிருந்தே உயிர். ஆனால் மார்க்கத்தில் சூது கூடாது என்பதால் இதுவரை ரேஸ் பக்கம் போனதில்லை. மெய்தானில் நடக்கும் பந்தயத்தைப் பார்க்க மட்டும் போகலாமா? (வாசகர், துபாய்)

பதில்: நால்வரில் உங்களுக்குத்தான் வாய்ப்பு மிக நன்றாக அமைந்திருக்கிறது. 2010இல் திறக்கப்பட்ட மெய்தான் மைதானத்தில் பணம் கட்டும் கவுண்டரே கிடையாது. வெல்லும் குதிரைகளை முன்கூட்டிச் சொல்லும் இலவசப் போட்டி ஒன்று நடத்துவார்கள்; கையிலிருந்து காசு கட்டுவது இல்லை, சரியாகச் சொன்னவர்களுக்குப் பரிசு உண்டு. அதில் சேர்வதைப் பற்றி உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேராமல் உட்கார்ந்து பார்க்க எந்தத் தடையும் இல்லை. மெல்போர்ன் வாசகருக்கு நான் எழுதிய எச்சரிக்கைகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

துபாய் உலகக் கோப்பை 1996இல் தொடங்கியது. இப்போது முதன்மைப் பந்தயத்தின் பரிசுத் தொகை மட்டும் 1.2 கோடி அமெரிக்க டாலர். பொதுவாக மார்ச் மாத இறுதியை ஒட்டி நடக்கும். அன்று கூட்டமும் கட்டணமும் அதிகம். குளிர்காலம் முழுவதும் நடக்கும் சாதாரணப் பந்தய இரவு ஒன்றை முதலில் தேர்ந்தெடுங்கள்.

குதிரை மீது ஆசை உள்ளவர் என்பதால் இதையும் சொல்கிறேன். உலகம் முழுவதும் ரேஸில் ஓடும் தரோபிரெட் என்ற இனக் குதிரைகளின் ஆண்வழி, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட மூன்று கிழக்குத் தேசக் குதிரைகளிடம் போய் முடிகிறது: பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன். அதற்கு எவ்வளவோ காலம் முன்பே நம் கரைக்கும் கடல்வழியாகக் குதிரைகள் வந்திருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தின் கடைத்தெருவில் கப்பலில் வந்த குதிரைகள் நின்றதைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். ஆவுடையார்கோயிலின் தலக்கதையே, பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சரைப் பற்றியது. மெய்தானில் தரோபிரெட்டுகளோடு, தூய அரபுக் குதிரைகளுக்கென்றே தனிப் பந்தயமும் உண்டு. அவை தரோபிரெட்டைவிடச் சற்றுக் குள்ளம், வேகமும் சற்றுக் குறைவு. குழிந்த முகமும் உயர்த்திப் பிடித்த வாலும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். உலகக் கோப்பை நாளில் அவற்றுக்கான கஹைலா கிளாசிக் பந்தயம் வழக்கமாக நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. பெரிய பந்தயம் இரவில்தானே என்று தாமதமாகப் போகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் வேலையிலிருந்து சீக்கிரமே அனுமதி வாங்கிக்கொண்டு, முதல் பந்தயத்துக்கு முன்பே நடை வட்டத்தின் வேலியோரம் இடம் பிடித்துவிடுங்கள்.